மாவித் தீவை விற்றது யார்? வாங்கியது யார்?

பசிபிக் மகாசமுத்திரத்தின் நடுவே ஹவாய்த் தீவுக் கூட்டம் இருக்கிறது. அதில் இரண்டாவது பெரிய தீவு மாவி. உல்லாசப் பிரயாணிகள் ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் வந்து இறங்கும் இடம். அங்கே கடலோர ஓட்டல்களில் இரவு விருந்து நடக்கும்போது, சிவப்பும் மஞ்சளுமாக இறகு அங்கி போர்த்திய ஓர் ஆள் தீப்பந்தங்களுக்கு நடுவே கம்பீரமாக நடந்து வருவார். சங்கு ஊதுவார்கள். அவர்தான் தீவின் பழைய ராஜாவாம்! விருந்தாளிகள் கைதட்டுவார்கள். கட்டிய பணத்துக்குச் சாப்பாடும் ஆயிற்று, ஒரு ராஜாவையும் பார்த்தாயிற்று.

இந்த ராஜாக்களைப் பற்றி, அதாவது ஹவாய் மொழியில் அலீ எனப்படும் தலைவர்களைப் பற்றி, மூன்று கதைகள் உலவுகின்றன.

முதல் கதை ஓட்டல்காரன் சொல்வது. அலீகள் தெய்வ வம்சத்தினர். ஜனங்களைப் பெற்ற பிள்ளைகள் போல் காத்தார்கள். தீவில் பசியும் இல்லை, பகையும் இல்லை என்பது அந்தக் கதை.

இரண்டாவது கதை கரும்பு முதலாளியும் அவனுடைய வக்கீலும் சொல்வது. அலீகள் கொடுங்கோலர்கள், ஜனங்கள் அவர்களுடைய அடிமைகள், அமெரிக்கப் பாதிரிமார்களும் நீதிபதிகளும் வந்து, சட்டம் கொடுத்து, பட்டா கொடுத்து, அந்த அடிமைகளை விடுவித்தார்கள் என்பது அந்தக் கதை.

மூன்றாவது கதையைச் சொல்பவர்கள் வேறு யாருமல்ல, நம்முடைய நண்பர்களில் சிலரே. "நிலப்பிரபுத்துவம் ஒழிந்தது, முதலாளித்துவம் வந்தது. இது சரித்திர முன்னேற்றம்தானே? எங்கோ செத்துப்போன ராஜாக்களுக்காக நாம் ஏன் அழ வேண்டும்?" என்று கேட்கிறார்கள்.

ராஜாக்களுக்காக நாம் அழவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீரும் விடப் போவதில்லை. ஆனால் இந்த மூன்று கதைகளும் ஒரே ஒரு கேள்வியை மறைக்கின்றன. அந்த மண்ணை உழுதவனுடைய மண் எங்கே போயிற்று? இந்தக் கேள்விக்குப் பதில் தேடத்தான் மாவித் தீவின் சரித்திரத்தைப் புரட்டுகிறோம்.

தகப்பன்மார்களா?

ஓட்டல்காரனின் கதையை முதலில் எடுத்துக்கொள்வோம்.

பழைய ஹவாய்ச் சமுதாயம் அடுக்கடுக்கானது. உச்சியில் அலீகள். அவர்களுக்குத் துணையாகக் கஹுனா என்ற பூசாரிகள். கீழே மகாயினானா என்ற உழைக்கும் ஜனங்கள். அவர்களுக்கும் கீழே, தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட கவுவா என்ற கூட்டம். சேம்பு பயிரிட்டவன் மகாயினானா. மீன் பிடித்தவன் அவன். மலையேறி மரம் வெட்டி ஓடம் குடைந்தவன் அவன். மரப்பட்டையை அடித்து அடித்துத் துணியாக்கியவள் அவன் வீட்டுப் பெண்.

மலை உச்சியிலிருந்து கடல் வரை நீண்ட துண்டுகளாக நிலம் பிரிக்கப்பட்டிருந்தது. அஹுபுவா என்பது அந்தத் துண்டுக்குப் பெயர். ஒவ்வொன்றுக்கும் தலைவனுடைய காரியஸ்தன் ஒருவன் உண்டு. அவனைக் கொனொஹிகி என்றார்கள். ஆண்டுக்கு ஒரு முறை, மகாஹிகி என்ற பண்டிகைக் காலத்தில், பன்றி, நாய், பட்டைத் துணி, பாய், இறகு என்று வரி குவிய வேண்டும். குவியல் போதவில்லை என்றால் காரியஸ்தனுக்கு வேலை போகும், ஊர் கொள்ளை போகும். இதற்கு மேல் தலைவனுடைய வயலில் வெட்டி வேலை.

பெரிய தலைவன் வருகிறான் என்றால் ஜனங்கள் தரையில் குப்புற விழ வேண்டும். அவனுடைய வீட்டின் மேல் ஒருவனுடைய நிழல் பட்டாலும் மரண தண்டனை. கபு என்ற விலக்குச் சட்டம் அது. பெண்கள் ஆண்களோடு உட்கார்ந்து உண்ணக் கூடாது. பன்றி இறைச்சி, வாழைப்பழம், தேங்காய் தொடக் கூடாது. அந்த இறகு அங்கி இருக்கிறதே, கமேஹமேஹா ராஜாவின் மஞ்சள் அங்கி ஒன்று ஹோனலூலு மியூசியத்தில் இருக்கிறது. ஏறத்தாழ நாலரை லட்சம் இறகுகள் அதில் உண்டு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். காட்டில் அலைந்து, பறவை பறவையாகப் பிடித்து, இரண்டொரு இறகாகச் சேர்த்து, தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் கட்டிய வரி அது. ஓட்டல் மேடையில் கைதட்டு வாங்குவது அந்த வரியின் நகல்தான்!

உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். இந்த அமைப்பில் மகாயினானா நிலத்தோடு கட்டிப்போட்ட அடிமையாக இருக்கவில்லை. தலைவன் கொடியவன் என்றால் மூட்டை கட்டிக்கொண்டு வேறு தலைவனுடைய நிலத்துக்குப் போக அவனுக்கு வழி இருந்தது. அவனுடைய அஹுபுவாவில் காட்டு மரமும், ஓடைத் தண்ணீரும், கரையோர மீனும் அவனுக்கு உண்டு. யாரும் நிலத்தை விற்கவோ வாங்கவோ முடியாது. புதிய ராஜா வந்தால் மேலே இருக்கும் தலைவர்களுக்குள் நிலம் மறுபங்கீடாகும். உழுதவன் பெரும்பாலும் உழுத இடத்திலேயே இருப்பான். தலைவன் மாறுவான், வரி மாறாது. இதுதான் அந்தக் காலத்தின் நன்மையும் தீமையும்.

ஜனங்கள் இதை வாய் மூடிச் சகித்தார்களா? டேவிட் மாலோ என்ற ஹவாய் அறிஞர், மாவித் தீவின் லகைனாலூனா பள்ளியில் படித்தவர், தம் ஜனங்களின் பழைய வழக்கங்களை எழுதிவைத்தார். கொடுமை தாங்காமல் ஜனங்களே கொன்ற தலைவர்களைப் பற்றி அவர் அதிலே குறிப்பிடுகிறார். ஓட்டல்காரரே! பெற்ற தகப்பனை இப்படியா கொல்வார்கள்?

ரத்த ஓடை

மாவி ராஜாக்களின் வம்சத்தில் பெரும்புகழ் பெற்றவன் பீலானி. லகைனாவிலிருந்து தீவு முழுவதையும் ஒரு குடைக்கீழ் ஆண்டவன். தீவைச் சுற்றி அவன் தொடங்கிய கல் பாவிய சாலையை அவனுடைய மகன் கீஹா முடித்தான். சாலையின் புகழ் ராஜாவுக்கு, கல்லின் பாரம் மகாயினானாவுக்கு! அந்தக் கீஹா பட்டத்துக்கு வந்ததும் எப்படி? பட்டத்தில் இருந்த அண்ணனை எதிர்த்து, பக்கத்துத் தீவான ஹவாயின் ராஜா ஊமியின் படையைக் கூட்டிவந்து. தாயாதிச் சண்டைக்கு ஜனங்களுடைய பிள்ளைகள் செத்தார்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கஹெகிலி ஆண்டான். இடியின் தெய்வத்துடைய பெயர் கொண்டவன். உடம்பின் ஒரு பாதி முழுவதும் கறுப்பாகப் பச்சை குத்திக்கொண்டவன். 1776இல் ஹவாய்த் தீவின் ராஜா அனுப்பிய எண்ணூறு வீரர்களை வைலுகு மணல் மேடுகளில் அநேகமாக ஒருவர் மிஞ்சாமல் அழித்தான் என்று பரம்பரைச் சரித்திரம் சொல்கிறது. 1780களின் தொடக்கத்தில் ஹானாவில் எதிரி பிடித்துவைத்திருந்த கவுயிகிக் குன்றைத் தண்ணீரை அடைத்தே வீழ்த்தினான். 1783இல் ஒவாஹு தீவைப் பிடித்தான். அங்கே ராஜாவாக இருந்தவன், கஹெகிலியின் அரண்மனையிலேயே வளர்ந்த பையன். தோற்ற ஒவாஹு தலைவர்களின் எலும்புகளைக் கொண்டு ஒரு வீடு கட்டப்பட்டது. பசியும் இல்லை, பகையும் இல்லை என்று சொன்னவர்கள் அந்த வீட்டையும் ஓட்டல் மேடையில் காட்டுவார்களா?

பிறகு வந்தது பீரங்கி. 1790இல் சைமன் மெட்காப் என்ற அமெரிக்க வியாபாரியின் கப்பல் மாவிக் கரையில் நின்றது. ஒரு படகு திருட்டுப் போயிற்று, ஒரு மாலுமி கொல்லப்பட்டான். அதற்குப் பழி வாங்க, வியாபாரம் செய்யலாம் வாருங்கள் என்று ஒலோவாலு ஊர் ஜனங்களை அழைத்தான். ஓடங்கள் கப்பலை நெருங்கியதும் பீரங்கிகளைத் திருப்பிச் சுட்டான். நூறு பேருக்கு மேல் செத்தார்கள். நாகரிகம் மாவித் தீவுக்குக் கொண்டுவந்த முதல் சரக்கு இது!

அதே ஆண்டு மெட்காபின் மகன் ஓட்டிவந்த சிறு கப்பல் ஹவாய்த் தீவில் பிடிபட்டது. அதன் பீரங்கி கமேஹமேஹா கைக்குப் போயிற்று. ஜான் யங், ஐசக் டேவிஸ் என்ற இரண்டு வெள்ளையர்களை வைத்துக்கொண்டு அவன் மாவியின் ஈயாவோ பள்ளத்தாக்கில் புகுந்தான். கஹெகிலி அப்போது ஒவாஹுவில் இருந்தான். எதிர்த்து நின்றவன் அவனுடைய மகன் கலனிகுபூலே. செத்தவர்களின் உடல்கள் ஓடையை அடைத்துவிட்டன. அந்த இடத்துக்கே கெப்பனிவை, அதாவது "தண்ணீர் அடைபட்ட இடம்" என்று பெயர் வந்தது. கலனிகுபூலே மலைக் கணவாய் வழியே தப்பினான். அலீகள் தப்ப எப்போதும் ஒரு கணவாய் இருந்தது. ஓடையை அடைத்துக் கிடந்தவர்கள் அந்தக் கணவாயை அறியாதவர்கள்.

1794இல் கஹெகிலி செத்தான். 1795இல் ஒவாஹுவின் நுவானு பள்ளத்தாக்கில் அவனுடைய மகன் தோற்றான். மாவியின் தனி ராஜ்யம் அதோடு முடிந்தது. ஆனால் மாவி அலீகளின் ரத்தம் அரண்மனையை விட்டுப் போகவில்லை. வைலுகுவில் பிறந்த கெயோபுவோலானியும், ஹானாவில் பிறந்த கஅஹுமானுவும் கமேஹமேஹாவின் ராணிகள். வென்ற தலைவனும் தோற்ற தலைவனும் சம்பந்திகள். வென்ற குடியானவனுக்கும் தோற்ற குடியானவனுக்கும் கிடைத்தது அதே வரி.

சட்டம் யாரை விடுவித்தது?

இனி முதலாளியின் வக்கீலுக்கு வருவோம். கபு சட்டத்தை உடைத்தது பாதிரிமார்கள் என்று இவர்கள் சாதிக்கிறார்கள். சரித்திரம் என்ன சொல்கிறது? கபுவை உடைத்தது 1819இல், மேலே சொன்ன அந்த இரண்டு ராணிகளும் இளம் ராஜா லிஹோலிஹோவும். ஆண்களும் பெண்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், கோயில்கள் இடிக்கப்பட்டன. அமெரிக்கப் பாதிரிமார்களின் கப்பல் வந்து சேர்ந்தது 1820இல்! பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு வந்தவர்கள், விருந்து வைத்தது நாங்கள்தான் என்கிறார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தெய்வம் போயிற்று, வரி போகவில்லை. பன்றிக்கும் பட்டைத் துணிக்கும் பதிலாக இப்போது சந்தனக் கட்டை கேட்டார்கள். அமெரிக்க வியாபாரிகள் பட்டும், மதுவும், கப்பலும் அலீகளுக்குக் கடனாகக் கொடுத்தார்கள். ஈடாகச் சந்தனம் வாங்கிச் சீனாவில் விற்றார்கள். ஜனங்கள் வயலை விட்டுவிட்டு, குளிரில் மலையேறி, மரம் வெட்டி, முதுகில் சுமந்து கரைக்கு இறக்கினார்கள். காட்டில் மரம் தீர்ந்தது, கணக்கில் கடன் தீரவில்லை. 1826இல் அமெரிக்க யுத்தக் கப்பல்கள் கடன் வசூலிக்க வந்தன. அலீகள் என்ன செய்தார்கள்? ஆண்பிள்ளை ஒவ்வொருவனும் அரைப் பிக்கல், அதாவது ஏறத்தாழ 30 கிலோ சந்தனக் கட்டையோ நாலு ஸ்பானிய டாலரோ கொடுக்க வேண்டும், பெண்கள் பாயோ துணியோ ஒரு டாலரோ கொடுக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். கடன் வாங்கியது தலைவன். கடன் கொடுத்தது வியாபாரி. கட்டியது மகாயினானா. ஹவாயில் எழுத்தில் போட்ட முதல் பொது வரி இதுதான். இதுவா விடுதலை?

1840இல் லகைனாவில் ஓர் அரசியல் சட்டம் கையெழுத்தாயிற்று. தீவுகளின் நிலம் ராஜாவின் சொந்தச் சொத்து அல்ல, தலைவர்களுக்கும் ஜனங்களுக்கும் பொதுவானது, ராஜா அதற்குத் தலைமை மட்டுமே என்று அதில் எழுதினார்கள். இந்த வாக்கியத்தை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். எட்டே ஆண்டுகள்தான் அது உயிரோடு இருந்தது.

1845இல் லகைனா ஜனங்கள் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தார்கள். அந்நியர்களை மந்திரிகளாக்காதே, அந்நியர்களுக்கு நிலம் விற்காதே என்று கேட்டார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1848 ஜனவரி 27ஆம் தேதி தொடங்கி மார்ச் 7ஆம் தேதி வரை, நாற்பது நாட்களில், பாகப் பிரிவினை முடிந்தது. மஹேலே என்பது அதன் பெயர். யோசனை சொன்னவர்கள் அமெரிக்க வக்கீல்கள். கையெழுத்துப் போட்டவர்கள் ராஜாவும், இருநூற்றுச் சொச்சம் தலைவர்களும். ஏறத்தாழ பத்து லட்சம் ஏக்கர் ராஜாவுக்கு. பதினைந்து லட்சம் சர்க்காருக்கு. பதினைந்து லட்சம் தலைவர்களுக்கு.

ஜனங்களுக்கு? 1850 ஆகஸ்டில் குலியானா சட்டம் வந்தது. உழுத துண்டுக்கு மட்டும் பட்டாவாம். அதற்கு முன்பே குறித்த தேதிக்குள் மனுப் போட்டிருக்க வேண்டும். சாட்சி கொண்டுவர வேண்டும். சர்வே செலவு கட்ட வேண்டும். அதே 1848, 1849இல் அம்மையும் கக்குவானும் ஆயிரக்கணக்கில் ஜனங்களை வாரிக்கொண்டு போயின. 1830களின் தொடக்கத்தில் ஒரு லட்சத்து முப்பதாயிரமாக இருந்த ஜனத்தொகை 1853இல் 73,000. பட்டாவுக்கு மனுப் போட வேண்டியவன் பாயில் கிடந்தான், அல்லது குழியில் கிடந்தான். கடைசியில் ஜனங்களுக்குக் கிடைத்த மொத்த நிலம் ஏறத்தாழ 28,600 ஏக்கர். நூற்றுக்கு ஒன்று கூட இல்லை!

குலியானா சட்டம் கையெழுத்தாவதற்கு ஒரு மாதம் முன்பு, 1850 ஜூலை 10ஆம் தேதி, இன்னொரு சட்டம் வந்தது. அந்நியர்கள் நிலம் வாங்கலாம், விற்கலாம் என்பது அந்தச் சட்டம். முதலில் வாங்குபவனுக்குக் கதவைத் திறந்தார்கள். பிறகுதான் உழுபவனுக்கு ஜன்னலைத் திறந்தார்கள்.

வக்கீல் ஐயா! நீங்கள் அலீகளின் கொடுமையை ஒழிக்கவில்லை. அலீக்கு நிலத்தின் மேல் இருந்தது வரி வாங்கும் பாத்தியதை. அதைச் சொந்தச் சொத்தாக எழுதிக் கொடுத்தீர்கள். எழுதிய பிறகு அவனிடமிருந்து நீங்களே வாங்கிக்கொண்டீர்கள். பழைய அலீயால் ஜனங்களை வருத்த முடிந்தது. நிலத்தை விற்க முடியவில்லை. உங்கள் சட்டம் அவனுக்கு அந்த ஒரு வித்தையையும் கற்றுக்கொடுத்தது.

தண்ணீரையும் விற்றார்கள்

ஹவாய் மொழியில் தண்ணீருக்கு "வை" என்று பெயர். செல்வத்துக்கு "வைவை". வைலுகு பக்கத்தில் நான்கு ஓடைகள் உண்டு. நான்கு தண்ணீர் என்றே அந்தப் பிரதேசத்தை அழைப்பார்கள். தீவுகளின் மிகப் பெரிய சேம்பு வயல்களில் சில அங்கே இருந்தன. ஜனங்கள் வாய்க்கால் வெட்டி, முறை வைத்துப் பாய்ச்சி, மிச்சத்தை ஓடைக்கே திருப்பி விட்டார்கள்.

1876இல் கரும்புக்கு அமெரிக்கச் சந்தை வரியில்லாமல் திறந்தது. பாதிரிமார்களின் பிள்ளைகளான அலெக்சாந்தரும் பால்ட்வினும் கிழக்கு மாவியின் மலைத் தண்ணீரைத் தங்கள் கரும்புக்குத் திருப்பும் வாய்க்கால் வெட்டினார்கள். ஹவாய் சர்க்காருக்கு அவர்கள் கட்டிய குத்தகை ஆண்டுக்கு நூறு டாலர்! தகப்பன் பரலோகத்துக்கு வழி காட்டினான். பிள்ளை தண்ணீருக்கு வழி மாற்றினான்.

1878இல் கிளாஸ் ஸ்பிரக்கல்ஸ் என்ற கலிபோர்னியா சர்க்கரை முதலாளி வந்தான். அவனுக்குத் தண்ணீர்க் குத்தகை கொடுக்க மந்திரிகள் தயங்கினார்கள். கலகாவுவா ராஜா நள்ளிரவில் மந்திரிசபையைக் கலைத்தான். புதிய மந்திரிசபை குத்தகை கொடுத்தது: ஆண்டுக்கு 500 டாலர், முப்பது ஆண்டுகளுக்கு. ராஜாவுக்கு முதலாளியிடமிருந்து பணம் கிடைத்தது. அதோடு முடிந்ததா? ரூத் கெயெலிகோலானி என்ற பெரிய அலீக் குலப் பெண்ணுக்கு ராஜ நிலங்களில் பங்கு உண்டு என்ற ஒரு வழக்கை 10,000 டாலருக்கு விலைக்கு வாங்கினான். வழக்கைக் கைவிடுகிறேன், பதிலுக்கு நிலம் கொடு என்றான். 1882இல் வைலுகுவில் 24,000 ஏக்கர் அவனுக்குச் சொந்தமாயிற்று. கஹெகிலி ரத்தம் சிந்திப் பிடித்துவைத்திருந்த வைலுகு, காகிதத்தில் கைமாறிவிட்டது. எலும்பு வீடு கட்டத் தேவைப்படவில்லை. ஒரு தஸ்தாவேஜ் போதுமானதாக இருந்தது.

நண்பர்களுக்குப் பதில்

"இதுதானே முன்னேற்றம்?" என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு புத்தகத்தை நினைவூட்டுகிறோம். 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதல் பாகத்தில், ஸ்காட்லாந்து மலைநாட்டில் நடந்ததை மார்க்ஸ் விவரிக்கிறார். அங்கே குலத்தின் பொது நிலத்துக்குத் தலைவி பெயரளவில்தான் சொந்தக்காரி. சதர்லாந்துச் சீமாட்டி அந்தப் பெயரளவு உரிமையைத் தன் தனிச் சொத்தாக மாற்றிக்கொண்டாள். 1814 முதல் 1820 வரை 15,000 ஜனங்களை விரட்டிவிட்டு, 7,94,000 ஏக்கரை ஆட்டு மந்தைக்கு விட்டாள். மார்க்ஸ் இதை முன்னேற்றம் என்று வாழ்த்தவில்லை. கொள்ளை என்று எழுதினார். மூலதனம் பிறந்த கதை இது என்று எழுதினார். ஸ்காட்லாந்தில் ஆடு, மாவியில் கரும்பு. வித்தை ஒன்றே.

நிலப்பிரபுத்துவம் ஒழிந்தது என்கிறீர்களே, உண்மையில் ஒழிந்ததா? 1960களில் ஹவாய்ச் சட்டசபையே கணக்கெடுத்தது. மாநிலத்தின் நிலத்தில் நூற்றுக்கு 49 பங்கு அமெரிக்க சர்க்காருக்கும் மாநில சர்க்காருக்கும் சொந்தம். நூற்றுக்கு 47 பங்கு வெறும் 72 தனியாரிடம்! மீதி நாலு பங்குதான் மற்ற எல்லோருக்கும். இறகு அங்கி போட்ட பிரபுக்கள் போனார்கள். கோட்டுப் போட்ட பிரபுக்கள் வந்தார்கள்.

சொல்லைக் கூட மாற்றவில்லை. ஹவாய் மொழியில் "லூனா" என்றால் மேலே இருப்பவன். அலீ ராஜ்யத்தில் வரி வசூலிக்க வந்தவன் லூனா. கரும்புத் தோட்டத்தில் குதிரை மேல் உட்கார்ந்து வேலை வாங்கிய கங்காணியும் லூனாதான். மேலே இருப்பவன் மேலேயே இருந்தான்.

இன்னொரு கேள்வியும் வருகிறது. 1893 ஜனவரி 17இல் கரும்பு முதலாளிகள், அமெரிக்கக் கப்பற்படை வீரர்கள் கரையிறங்கி நின்ற பலத்தில், லிலியுவோகலானி ராணியைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். அப்போது நாம் ராணி பக்கமா? நாம் ஜனங்கள் பக்கம். ஜனங்கள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. 1897இல், ஏறத்தாழ 40,000 பேர் கொண்ட ஹவாய் ஜனங்களில் 21,000 பேருக்கு மேல், அமெரிக்காவோடு சேர்க்காதே என்று மனுவில் கையெழுத்திட்டார்கள். இணைப்பு ஒப்பந்தம் அமெரிக்க செனட்டில் நிறைவேறவில்லை. ஆனாலும் 1898இல் வெறும் தீர்மானம் ஒன்றைப் போட்டுத் தீவுகளை விழுங்கினார்கள். ராஜ நிலமும் சர்க்கார் நிலமுமாகப் பதினெட்டு லட்சம் ஏக்கர் நஷ்டஈடு இல்லாமல் அமெரிக்காவுக்குப் போயிற்று. நூறாண்டு கழித்து, 1993இல், அமெரிக்கக் காங்கிரசே மன்னிப்புத் தீர்மானம் போட்டது. மன்னிப்புக் கேட்டார்கள், ஓர் ஏக்கர் கூடத் திருப்பிக் கொடுக்கவில்லை.

அந்த 21,000 பேர் தலைவரி கட்டிய முதுகுகளை மறந்தவர்கள் அல்ல. அலீயோடு அவர்களுக்கு இருந்த வழக்கு அவர்கள் வீட்டு வழக்கு. அந்த வழக்கை அவர்களே தீர்த்திருப்பார்கள். கொடிய தலைவர்களைத் தீர்த்துக்கட்டிய பரம்பரை அல்லவா அது? அந்நியத் துப்பாக்கி வந்து ராணியை இறக்கியபோது, ஜனங்களின் கையிலிருந்து அந்த உரிமையையும் பறித்துக்கொண்டது.

கொடுத்தது யார்?

மாவித் தீவில் உழைப்பவனுக்கு ஏதாவது கிடைத்தது என்றால், அதைக் கொடுத்தது அலீயும் அல்ல, சட்டமும் அல்ல. கரும்புத் தோட்டத்துக்குச் சீனர்களையும், ஜப்பானியர்களையும், போர்ச்சுகீசியர்களையும், பிலிப்பினோக்களையும் கப்பல் கப்பலாக இறக்கினார்கள். பெயருக்குப் பதிலாக எண் போட்ட உலோக வில்லையைக் கழுத்தில் மாட்டினார்கள். ஓர் இனத்தை இன்னோர் இனத்தோடு மோதவிட்டு ஆண்டார்கள். 1937இல் மாவியின் புவுனேனே தோட்டத்தில் பிலிப்பினோ தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வு பெற்றார்கள். அதில் கற்ற பாடம் ஒன்று: ஓர் இனம் மட்டும் நின்றால் போதாது. 1946இல் எல்லா இனத் தொழிலாளிகளும், ஏறத்தாழ 26,000 பேர், 79 நாட்கள் ஒன்றாக நின்றார்கள். தோட்ட முதலாளிகள் பணிந்தார்கள். பழிக்குப் பழியாக 1951இல் சங்கத் தலைவர் ஜாக் ஹால் உட்பட ஏழு பேரைக் கம்யூனிஸ்டுகள் என்று கைது செய்தார்கள். 1958இல் மேல்கோர்ட்டு அந்தத் தண்டனையை ரத்துச் செய்தது.

கூலி உயர்ந்தது. மண்ணும் தண்ணீரும் திரும்பவில்லை. 2016இல் மாவியின் கடைசிக் கரும்புத் தோட்டமும் மூடப்பட்டது. தண்ணீர் திருப்பிய கம்பெனி, உழுதவர்களின் பேரப்பிள்ளைகளிடம் நிலத்தைத் திருப்பித் தந்ததா? 2018 டிசம்பரில் 41,000 ஏக்கரை 26 கோடியே 20 லட்சம் டாலருக்கு, கனடா நாட்டுப் பென்ஷன் நிதி ஒன்றின் பணம் பின்னால் நிற்கும் புதுக் கம்பெனிக்கு விற்றது. 1848இல் தொடங்கிய விற்பனை இன்னும் முடியவில்லை.

லகைனாவைப் பாருங்கள். பீலானி ஆண்ட ஊர், அலீகளின் தலைநகர். ராஜா குடியிருந்த மொகுஊலா என்ற சிறு தீவும், அதைச் சுற்றி ஒரு பெரிய குளமும் ஊர் நடுவே இருந்தன. ஓடைகள் கரும்புக்குத் திருப்பப்பட்டன. குளம் சேறாகி நாறியது. 1914 வாக்கில் மண்ணைக் கொட்டி மூடி, மேலே விளையாட்டு மைதானம் போட்டார்கள். கரும்பு போன பிறகு மலைச் சரிவெல்லாம் காய்ந்த அந்நியப் புல் மண்டியது. 2023 ஆகஸ்டு 8ஆம் தேதி, சூறைக் காற்றில் தீ அந்தப் புல்லில் ஏறி ஊரில் இறங்கியது. நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கட்டடங்கள் சாம்பல். அடுத்த சில நாட்களிலேயே, மனையை விற்கிறீர்களா என்று நிலத் தரகர்கள் வீடிழந்தவர்களைத் தேடி வந்தார்கள்! சந்தனத்துக்கு வந்தவன், கரும்புக்கு வந்தவன், இப்போது சாம்பலுக்கும் வந்துவிட்டான்.

ஆனால் மாவியின் ஜனங்கள் கைகட்டி நிற்கவில்லை. கிழக்கு மாவியின் சேம்பு விவசாயிகள் ஓடைத் தண்ணீரைத் திருப்பி விடு என்று 2001இல் மனுக் கொடுத்தார்கள். பதினேழு ஆண்டுகள் விடாமல் நின்றார்கள். 2018 ஜூனில் மாநிலத் தண்ணீர்க் கமிஷன் பல ஓடைகளில் தண்ணீரைத் திருப்பி விட உத்தரவிட்டது. நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் நூறு டாலருக்குப் போன தண்ணீர்! அவர்கள் இறகு அங்கியைத் திருப்பிக் கேட்கவில்லை. ஓடையைக் கேட்டார்கள்.

ஓட்டல்காரனுக்கு ராஜா வேண்டும், காட்சிக்கு. வக்கீலுக்கும் ராஜா வேண்டும், பத்திரத்தில் கையெழுத்துக்கு. இரண்டு பேருக்கும் வேண்டாதவன் ஒருவன்தான்: 1840இல் "நிலம் பொது" என்று எழுதியபோது பங்காளியாக இருந்து, 1848இல் பாகம் பிரித்தபோது காணாமல் போன அந்த மகாயினானா. சரித்திரம் எழுதுகிறவர்கள் அவனிடம் கணக்குக் கேட்கட்டும். விற்றவன் அலீ. வாங்கியவன் முதலாளி. இரண்டு பேரும் சேர்ந்து விற்ற சரக்கோ அவனுடையது!

விற்க உரிமையில்லாதவன் விற்ற மண், வாங்கியவனுக்கு எந்நாளும் சொந்தமாகாது. பத்திரம் எத்தனை கைமாறினாலும் அது திருட்டுச் சொத்துதான். அதைக் கேட்டு வாங்க மாவியின் ஜனங்களுக்கு உரிமை உண்டு. அந்த உரிமையின் பக்கமே நாம் நிற்கிறோம்.